எழுத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்?
பத்திரிகை விளம்பரம் முதல் வலைத்தளத் தரகு வரை

அச்சிட்ட தாள் ஒன்று நம் கைக்கு வந்து சேர்வதற்குப் பலருடைய உழைப்பும் பொருளும் செலவாகின்றன. எழுதுகிறவர், எழுத்துக் கோக்கிறவர், அச்சிடுகிறவர், வீடு தேடிக் கொண்டுவந்து போடுகிறவர் ஆகிய அனைவர்க்கும் கூலி உண்டு. அக்கூலி முழுவதையும் வாசகராகிய நாமே கொடுத்துவிடுகிறோம் என்று எண்ணிக்கொள்வது வழக்கம். உண்மையோ வேறு. நாம் கொடுக்கும் காசு பல சமயங்களில் தாளின் விலைக்கே போதுவதில்லை. மிச்சத்தைக் கொடுப்பவர், நாம் முகம் அறியாத வணிகர். தம் சரக்கைப் பற்றி நமக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பதற்காக அவர் கொடுக்கும் பணமே பத்திரிகைகளையும், வானொலியையும், இன்று வலைத்தளங்களையும் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது.

தில்லியிலும் புனேயிலும் பெங்களூரிலும் பகல் முழுதும் அலுவல் பார்த்துவிட்டு, இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தமிழில் வலைத்தளம் நடத்தும் அன்பர்கள் நம்மிடையே இருக்கின்றனர். விளம்பரத்தாலும் தரகாலும் அதில் வருவாய் ஈட்டலாம் என்று அவர்கள் கேள்விப்படுகிறார்கள். சிலர் சிறிது ஈட்டியும் இருக்கிறார்கள். இது முற்றிலும் புதியதொரு பிழைப்பு என்று பலர் கருதுகின்றனர். ஆயினும் இதன் வேர் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அவ்வரலாற்றைச் சற்றே பின்தொடர்ந்து செல்வோம். செல்லும் வழியெங்கும் ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்வோம்: சரக்கு விற்காமற் போனால், அந்த நட்டம் யாருடையது?

நம் நாட்டில் அச்சான முதல் செய்தித்தாள் கல்கத்தாவில் 1780-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் வெளிவந்தது. அதனை நடத்தியவர் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பவர். வியாபாரத்தில் நொடித்து, கடனுக்காகச் சிறை கண்டவர். தாளின் பெயரிலேயே 'கல்கத்தாப் பொது விளம்பரி' என்று பொருள்படும் சொற்கள் இடம்பெற்றிருந்தன. விளம்பரம் அத்தாளுக்குப் பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட ஒன்றன்று; கூடவே பிறந்தது. கப்பலில் வந்திறங்கிய சரக்கு, ஏலம், வாடகைக்கு வீடு என்று அதன் பக்கங்கள் நிறைந்தன.

ஹிக்கியின் கதையில் மற்றொரு படிப்பினையும் உண்டு. கும்பினி அதிகாரிகளையும் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவர் தாக்கி எழுதலானார். அதே 1780 நவம்பரில் அவருடைய தாளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்று தடை பிறந்தது. அதே மாதத்தில் தொடங்கிய போட்டித் தாளுக்கோ தபாற் சலுகை கிடைத்தது. ஹிக்கி ஆட்களை அமர்த்தி நகருக்குள் தாளை வழங்கிப் பார்த்தார். வழக்குகளும் சிறையும் தொடர்ந்தன. 1782-இல் அச்செழுத்துகளே பறிமுதலாயின. எழுத்து ஒருவர் கையிலும், எழுத்தை வாசகரிடம் கொண்டு சேர்க்கும் வழி மற்றொருவர் கையிலும் இருக்குமானால், வழியை உடையவரே வலியவர் என்பதனை நம் நாட்டின் முதற் பத்திரிகையே நமக்குக் காட்டிவிட்டது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னர்த் தேவைப்படும்.

விளம்பரம் பத்திரிகையின் முதுகெலும்பாக ஆனது அடுத்த நூற்றாண்டில். நியூயார்க்கில் பெஞ்சமின் டே என்பவர் 1833-இல் 'சன்' என்னும் நாளிதழை ஒரு சென்ட் விலைக்கு விற்கத் தொடங்கினார். மூன்றாண்டு கழித்து, 1836-இல், பாரிஸில் எமில் தெ ழிரார்தென் 'லா பிரெஸ்' என்னும் இதழை நிறுவினார். அந்நாளில் பாரிஸ் நாளிதழ்களின் ஆண்டுச் சந்தா ஏறக்குறைய 80 பிராங்க். ழிரார்தென் அதனை 40 பிராங்காகப் பாதியாக்கினார். குறைந்த தொகையை விளம்பரம் ஈடுசெய்யும் என்பது அவருடைய கணக்கு. விலை குறைந்தால் வாசகர் பெருகுவர். வாசகர் பெருகினால் விளம்பரக் கட்டணம் உயரும். வாசகருக்குத் தாளை விற்பதோடு, வாசகரின் கவனத்தை வணிகருக்கு விற்கும் தொழிலாகவும் பத்திரிகை அன்று முதல் மாறிற்று.

அவ்விருவர்க்கும் இடையே தரகர் ஒருவர் தோன்றுவது இயல்பு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வால்னி பாமர் என்பவர் 1840-களில் பத்திரிகைகளுக்கு விளம்பரம் திரட்டித் தந்து கழிவு பெற்றுவந்தார். நம் நாட்டில் பம்பாயின் கிர்காம் பகுதியில் 1905-இல் தொடங்கிய பி. தத்தாராம் கம்பெனியைப் பழம்பெரும் விளம்பர நிறுவனங்களுள் முன்னோடியாகக் கூறுவர். நூற்றுக்குப் பதினைந்து என்பது விளம்பர நிறுவனங்களுக்குப் பத்திரிகைகள் அளித்த கழிவாக நெடுங்காலம் நிலைத்து நின்றது.

இம்முறையில் வணிகர் விலைக்கு வாங்கியது இடம். இத்தனை பத்தி அங்குலத்துக்கு இத்தனை ரூபாய் என்பது கணக்கு. சோப்புக்கு விளம்பரம் வந்த வாரத்தில் ஒரு கட்டிகூட விற்காவிட்டாலும், பத்திரிகைக்குச் சேரவேண்டிய பணம் சேர்ந்துவிடும். நட்டம் வணிகருடையது. எழுதியவருக்கும் அச்சிட்டவருக்கும் கூலி நிச்சயம்.

எந்த விளம்பரம் சரக்கை விற்றது, எது விற்கவில்லை என்று அறிய வணிகர் விரும்பியதில் வியப்பில்லை. தபால் வழி வாணிகம் அதற்கு ஓர் உபாயம் தந்தது. நம் தபால் இலாகா 1877-இல் வி.பி.பி. முறையைக் கொண்டுவந்தது, பொருள் கைக்கு வந்தபின் தபால்காரரிடம் பணம் கொடுத்தால் போதும் என்று ஆனது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் ஒரு தபாலட்டையில் சரக்குக் கேட்டு எழுதலாம். அந்த அட்டை எந்தப் பத்திரிகையைப் பார்த்து எழுதப்பட்டது என்று அறிய, பத்திரிகைக்குப் பத்திரிகை முகவரியில் ஓர் எழுத்தையோ எண்ணையோ மாற்றி அச்சிடுவது மேனாட்டு வழக்கம். விளம்பரதாரர்க்கு எழுதும்போது இப்பத்திரிகையைக் குறிப்பிடுக என்னும் வேண்டுகோள் நம் பழைய ஏடுகளில் காணப்படுவதும் இந்நோக்கம் பற்றியே. இன்றைய வலைத்தளச் சுட்டியின் வாலில் தொங்கும் அடையாள எண்ணுக்கு இந்தத் தபாற் குறியே பாட்டன் என்று சொல்லலாம்.

வாணிகமும் எழுத்தும் ஒருவரிடமே கூடிய வரலாறும் நம்மிடம் உண்டு. காசிநாதுனி நாகேசுவரராவ் ஆந்திர நாட்டிலிருந்து பம்பாய்க்குச் சென்று 1893-இல் அமிர்தாஞ்சனம் தைலத்தைத் தொடங்கியவர். கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தே அதனைப் பரப்பினார் என்பர். வெளியூரில் வாழும் தெலுங்கர்க்குத் தம் மொழியில் ஓர் ஏடு வேண்டும் என்று 1908-இல் பம்பாயிலிருந்தே 'ஆந்திர பத்திரிகா'வை வெளியிட்டார். பின்னர் அது சென்னைக்கு வந்து 1914-இல் நாளிதழாயிற்று. தைலம் ஈட்டிய பொருள் தாய்மொழியைத் தாங்கியது. எஸ்.எஸ். வாசன் அவர்களோ விளம்பரம் திரட்டும் தொழிலும் தபால் வழி வாணிகமும் பழகியவர். 1928-இல் 'ஆனந்த விகடன்' இதழை விலைக்கு வாங்கித் தமிழில் பெருவாரியாக விற்கும் வார இதழாக்கினார். விளம்பரத்தின் நுட்பம் அறிந்தவர் கையில் தமிழ் எழுத்து தழைத்ததற்கு அவர் ஒரு சான்று.

வானொலியின் கதையும் இதனோடு இணைந்ததே. நியூயார்க்கின் டபிள்யூ.இ.ஏ.எஃப். நிலையம் 1922 ஆகஸ்ட் 28-ஆம் நாள், வீடுகளை விற்கும் நிறுவனம் ஒன்றிடம் ஐம்பது டாலர் பெற்று, அதற்காகச் சில நிமிடங்கள் ஒலிபரப்பிற்று. நம் வானொலி நெடுநாள் விளம்பரத்தை அண்டவிடவில்லை. 1952-ஐ ஒட்டித் திரைப்பாடலையும் ஒதுக்கி வைத்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அந்த இடைவெளியில் நுழைந்து, நம் நேயர்களையும் நம் வணிகரின் பணத்தையும் ஒருங்கே ஈர்த்துக்கொண்டது. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி பிறந்தது. பத்தாண்டுக்குப் பின், 1967 நவம்பர் முதல் நாள், பம்பாய், புனே, நாகபுரி நிலையங்களில் விளம்பர ஒலிபரப்புத் தொடங்கிற்று. இங்கே வணிகர் வாங்கியது நேரம். அங்குலத்துக்குப் பதில் வினாடி, அவ்வளவே வேற்றுமை. நட்டம் இன்னமும் வணிகருடையதாகவே இருந்தது.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது இணையம். டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனிவாவை அடுத்த சேர்ன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வலையமைப்பு, 1993 ஏப்ரல் 30-ஆம் நாள் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்குப் பொதுவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வணிகர் வந்துவிட்டனர். 'ஹாட்வயர்டு' என்னும் அமெரிக்க வலையிதழ் 1994 அக்டோபர் 27-ஆம் நாள் பக்கத்தின் தலைப்பில் நீண்ட பட்டை வடிவில் விளம்பரங்களை இட்டது. அவற்றுள் ஒன்று ஏ.டி. அண்டு டி. நிறுவனத்துடையது. கண்டவர்களுள் நூற்றுக்கு நாற்பத்துநால்வர் அதனைச் சொடுக்கிப் பார்த்தனர் என்று அந்நாளையோர் கூறியிருக்கின்றனர். புதுமை தீர்ந்ததும் அவ்விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

எனினும் வணிகருக்கு அதுவரை கிட்டாத ஒன்று கிட்டிவிட்டது. எத்தனை பேர் கண்டனர், எத்தனை பேர் சொடுக்கினர் என்று ஒவ்வொருவராக எண்ணலாம். அதே 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுல்லி, 'குக்கி' என்னும் சிறு குறிப்பினை உருவாக்கினார். வலைத்தளத்துக்கு வந்தவரின் கணிப்பொறியில் பதிந்து, அவர் மறுபடி வரும்போது அடையாளம் காட்டும் குறிப்பு அது. எண்ணத் தெரிந்தபின், எண்ணியபடியே கூலி கொடுக்கலாம் என்ற எண்ணம் எழாமல் இருக்குமா? 1996-இல் சோப்பு வணிகத்தில் பெயர்பெற்ற புராக்டர் அண்டு காம்பிள் நிறுவனம் யாஹூவிடம் பேரம் பேசியது: கண்டதற்குப் பணம் இல்லை, சொடுக்கினால் மட்டுமே பணம். யாஹூ இசைந்தது. வரலாற்றின் திருப்பம் இதுவே என்பது நம் கருத்து. சரக்கு விற்காமற் போனால் வரும் நட்டத்தில் ஒரு பங்கு, வணிகரின் தோளிலிருந்து பக்கத்தை நடத்துபவரின் தோளுக்கு அன்றுதான் மாறத் தொடங்கிற்று.

பில் கிராஸ் என்பவரின் 'கோடு டாட் காம்' 1998-இல் தேடுசொற்களை ஏலத்துக்கு விட்டது; சொடுக்குக்கு அதிகம் தருபவர் மேலே தோன்றுவர். கூகுள் நிறுவனம் 2000-இல் தன் விளம்பர ஏற்பாட்டைத் தொடங்கி, 2002-இல் சொடுக்குக்கு விலை என்னும் ஏலமுறையையும் சேர்த்துக்கொண்டது. 2003-இல் 'ஆட்சென்ஸ்' வந்தது. எவருடைய வலைத்தளமாயினும், அதன் பொருளைத் தானே படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைத் தானே வைத்து, வருவதில் பங்கு தரும் இயந்திரம் அது. ஊர் ஊராகச் சென்று விளம்பரம் திரட்டியவரின் வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பங்கு எவ்வளவு என்று ஏழாண்டு வரை வெளியே சொல்லப்படவில்லை. நூற்றுக்கு அறுபத்தெட்டு என்று 2010-இல்தான் அறிவித்தார்கள். பழைய தரகர் நூற்றுக்குப் பதினைந்து எடுத்தார் என்பதையும், இவ்வியந்திரம் முப்பத்திரண்டு எடுத்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. 2024-ஐ ஒட்டிச் சொடுக்குக் கணக்கை விட்டு, விளம்பரம் காட்டப்படும் தடவைக்கு ஏற்பப் பணம் தரும் முறைக்கு ஆட்சென்ஸ் மாறியுள்ளது.

மற்றொரு வழி தரகு. ஆங்கிலத்தில் இதனை அஃபிலியேட் முறை என்பர். மலர்க்கடை நடத்திய வில்லியம் டோபின் இதன் முன்னோடிகளுள் ஒருவர். இசைத்தட்டு விற்ற 'சிடிநௌ' 1994-இலும், புத்தகம் விற்ற அமேசான் 1996 ஜூலையிலும் இம்முறையைத் தொடங்கின. செய்தி எளியது. ஒரு நூலைப் பற்றி நாம் எழுதுகிறோம். கடைக்குச் செல்லும் சுட்டி ஒன்றினை அதில் வைக்கிறோம். அச்சுட்டியில் நம் அடையாள எண் இருக்கிறது. வாசகர் அதன் வழியே சென்று வாங்கினால் நமக்குக் கழிவு. வெறுமனே பார்த்துத் திரும்பினால் ஒன்றும் இல்லை. வாங்கியதைத் திருப்பி அனுப்பிவிட்டால், கணக்கில் ஏறிய கழிவும் இறங்கிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொருளின் விலை ஆயிரம் ரூபாய்; கழிவு நூற்றுக்கு ஐந்து. கட்டுரையை ஆயிரம் பேர் படிக்கின்றனர், ஐம்பது பேர் சுட்டியைச் சொடுக்குகின்றனர், இருவர் வாங்குகின்றனர். எழுதியவருக்கு நூறு ரூபாய். அந்த ஆயிரம் பேரும் கடையின் பெயரைக் கண்டார்கள்; அவர்களுள் ஒருவர் அடுத்த வாரம் நேரே கடைக்குச் சென்று வாங்கவும் கூடும். அதற்குக் கூலி கிடையாது. அமேசான் வழக்கில், சொடுக்கிய இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பொருளைக் கூடையில் இட்டால்தான் கழிவு எழுதியவர் கணக்கில் சேரும். பழைய நாளில் பத்திரிகைக்கு அங்குலத்துக்குப் பணம் கொடுத்த வணிகர், இன்று விற்ற பின்னரே கொடுக்கிறார். நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே முழுதாக மாறிவிட்டது: சரக்கு விற்காவிட்டால் நட்டம் எழுதியவருடையது.

கழிவின் அளவும் அவர் கையில் இல்லை. 2020 ஏப்ரலில், கொள்ளை நோயால் உலகம் முடங்கிக் கிடந்தபோது, அமெரிக்காவில் அமேசான் தன் தரகுக் கழிவுகளைக் குறைத்தது. வீட்டுச் சாமான்களுக்கு எட்டு விழுக்காடு மூன்றாயிற்று. மளிகைக்கு ஐந்து ஒன்றாயிற்று. வாசகரைக் கொண்டுவரும் வழியும் அவ்வாறே. தேடுபொறியின் வரிசைமுறையைக் கூகுள் 2011-இல் மாற்றியபோது, அதனை நம்பி நடந்த பல தளங்களுக்கு வருகை சரிந்தது. தபால் வழி அடைபட்ட ஹிக்கியின் நிலையை இங்கே நாம் நினைத்துக்கொள்ளலாம். அவர் பகைத்துக்கொண்டது ஓர் அரசை. இவர்களோ எவரையும் பகைக்கவில்லை.

இனித் தமிழின் நிலையைப் பார்ப்போம். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். வழியே திறக்கப்பட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் தமிழ் எழுத்து வலையில் ஏறிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தன்னார்வலரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை வலையேற்றி இலவசமாக வழங்கிவருகிறது. அன்று எழுதியவர்கள் கூலி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுப்பாரில்லை. ஆட்சென்ஸ் இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. 2014 டிசம்பரில் இந்தியையும், 2017-இல் வங்காளத்தையும் ஏற்றுக்கொண்ட அது, 2018 பிப்ரவரியில்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. பதினைந்து ஆண்டு! ஆங்கிலத்தில் எழுதியவர் கூலி பெற்ற அந்தப் பதினைந்து ஆண்டிலும், தமிழில் எழுதியவர் தம் கைக்காசைச் செலவிட்டே தளம் நடத்தினர். தமிழில் எழுதும் ஆற்றல் இருந்தும் வருவாய் நாடி ஆங்கிலத்துக்குச் சென்றவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. கொல்கத்தாவில் வாடகைக்கு வீடு பிடிப்பது எப்படி, அகமதாபாத்தில் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க வழி என்ன, தில்லிக் குளிருக்கு முதியோர்க்கு எத்தகைய கம்பளி வேண்டும் என்பன போன்ற செய்திகளை, அங்கு வாழும் தமிழர் தமிழில் எழுதினால் அன்றி வேறெவரும் எழுதப்போவதில்லை. அவ்வெழுத்துக்குச் சிறிது கூலி கிடைக்குமானால் அது தொடரும். கிடைக்காவிடில் பெரும்பாலும் ஓராண்டில் ஓய்ந்துவிடும். ஆதலால் விளம்பரத்தையும் தரகையும் இழிவென்று ஒதுக்குவதற்கில்லை.

ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. விற்றால்தான் கூலி என்று ஆனபின், எழுதுகிறவரின் நாக்கு மெல்ல வணிகரின் பக்கம் சாயும். கம்பளி நல்லதன்று என்று சொன்னால் கழிவு வராது. இந்தச் சோதனை பத்தி அங்குல நாளில் இவ்வளவு நெருங்கி வந்ததில்லை. அன்று எழுதுபவர் ஒருவர், விளம்பரம் வாங்குபவர் வேறொருவர். இன்று இருவரும் ஒருவரே. அமெரிக்காவில் வாசகர் அறியாமல் அவர்கள் கணிப்பொறியில் தம் குறிப்பைப் பதித்து, செய்யாத தரகுக்குக் கழிவு பெற்ற சிலருக்கு 2014-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம் நாட்டில் விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இலும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இலும் நெறிமுறைகள் வகுத்துள்ளன. பொருளைப் பரிந்துரைப்பவர் அதனால் தமக்குப் பயன் உண்டாயின் அதனை வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்பது அவற்றின் சாரம். பொய்யான பரிந்துரைக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதைக் காட்டிலும், வாணிக அறிவால் செய்வது மேல். தரகர் தம் தரகைச் சொல்லிவிட்டுப் பேசினால் கேட்பவர் எடைபோட்டுக்கொள்வார். மறைத்துப் பேசி வெளிப்பட்டால் அடுத்த முறை வாசலையே மிதிக்கமாட்டார். இச்சுட்டியின் வழியே வாங்கினால் எமக்குக் கழிவு உண்டு என்று கட்டுரையின் தலைப்பிலேயே தமிழில் தெளிவாக எழுதிவிடுவது நன்று. வருவாய்க்கு ஒரே நிறுவனத்தை நம்பாமல், இயன்றவர் வாசகரிடமிருந்தே சிறு சந்தா பெறுவதும், வாசகரின் மின்னஞ்சல் முகவரிகளை அவர்கள் இசைவோடு தாமே வைத்திருப்பதும் அறிவுடைமை. வழியை அடைப்பவர் அடைத்தாலும், ஹிக்கியின் ஆட்களைப்போல் வாசகரின் வாசலுக்குச் செல்ல நமக்கு ஒரு வழி அப்போது மிஞ்சும்.

கூலி கொடுப்பவர் வணிகராக இருக்கலாம். அதனை எண்ணித் தருவது இயந்திரமாக இருக்கலாம். ஆயின் அக்கூலிக்கு மூலதனமாக இருப்பது, இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று வாசகர் கொள்ளும் நம்பிக்கை ஒன்றே. மொழியால் ஒன்றுபட்டு ஊரால் பிரிந்து வாழும் நம்மிடையே அந்நம்பிக்கை எளிதில் கிடைக்கிறது. எளிதில் கிடைப்பதாலேயே அதனைக் காத்துக்கொள்ளும் பொறுப்பும் நமக்கு அதிகம்.